ஒரே பக்கம் மூக்கடைப்பா? மூக்குக் கட்டியைக் கண்டுபிடிப்பதும் வேரோடு எடுப்பதும்

"மூக்குக்குள்ள சதை வளர்ந்திருக்கு டாக்டர், மருந்துல கரைஞ்சிருமா?" என்று கேட்டுக்கொண்டேதான் பலரும் என் அறைக்குள் வருகிறார்கள். பதில் சொல்வதற்கு முன்னால் நான் ஒன்றே ஒன்று திருப்பிக் கேட்பேன்: "ஒரு பக்கம் மட்டுமா, ரெண்டு பக்கமுமா?"

தூசி, அலர்ஜி, ஜலதோஷம் எல்லாம் பெரும்பாலும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் பிடிக்கும். இன்று வலது, நாளை இடது என்று மாறி மாறி அடைப்பதும் பயப்படக்கூடியது இல்லை. மூக்கின் உள்சதை சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறி வீங்கி வடிவது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனால் மாதக்கணக்காக ஒரே பக்கம் அடைத்து, அது கூடிக்கொண்டும் போனால், அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

நான் காது மூக்கு தொண்டை அறுவை சிகிச்சை நிபுணர். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஜனங்களைத்தான் பார்த்து வருகிறேன். மூக்கில் வளரும் புற்றுநோய் அல்லாத கட்டிகளை எப்படிக் கண்டுபிடிக்கிறோம், எப்படி எடுக்கிறோம், ஒவ்வொரு கட்டத்திலும் நோயாளியும் வீட்டாரும் என்ன செய்ய வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன். இவர்களை முதலில் பார்ப்பது குடும்ப டாக்டர்கள்தான் என்பதால் அவர்களையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் சோதனை: ஒரு எவர்சில்வர் தட்டு

வீட்டில் இருக்கும் பளபளப்பான எவர்சில்வர் தட்டைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துத் துடைத்துவிடுங்கள். மூக்குக்குக் கீழே படுக்கைவாட்டில் பிடித்து, வாயை மூடிக்கொண்டு மூச்சு விடுங்கள். தட்டில் இரண்டு வட்டமாகப் பனி படியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் சரி. ஒரு பக்கம் படியவே இல்லை, அல்லது சின்னதாகத்தான் படிகிறது என்றால், மூன்று நான்கு நாள் வேறு வேறு நேரத்தில் திரும்பச் செய்து பாருங்கள். எப்போதும் அதே பக்கம்தான் குறைகிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நாங்களும் ஓ.பி.யில் நாக்கை அழுத்தும் உலோகக் கரண்டியை வைத்து இதே சோதனையைத்தான் செய்கிறோம்.

மூக்குத் தண்டு வளைந்திருந்தாலும் ஒரு பக்கம் அடைக்கும். அது பல வருடமாக ஒரே அளவில் இருக்கும். கட்டியால் வரும் அடைப்பு நாளாக ஆக இறுகும். அடைப்போடு அதே பக்கம் ரத்தம் கசிவது, நாற்றமடிக்கும் சளி, கண்ணில் காரணமில்லாமல் நீர் வடிவது, வாசனை தெரியாமல் போவது, அந்தப் பக்கத்துக் காது தண்ணீர் புகுந்தது போல அடைத்துக்கொள்வது, இவற்றில் ஏதாவது சேர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். கன்னம் மரத்துப்போவது, மேல்வரிசைப் பல் ஆடுவது, இரட்டை இரட்டையாகத் தெரிவது, கழுத்தில் நெறி கட்டுவது, இவை இருந்தால் அந்த வாரமே வர வேண்டும். இவை புற்றுநோயின் பக்கம் கை காட்டும் அறிகுறிகள். மரத்தூளிலேயே பல வருடம் வேலை பார்த்த ஆசாரிமார்களுக்கு மூக்கில் புற்று வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அவர்களை நான் இன்னும் கவனமாகப் பார்ப்பேன்.

சின்னக் குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால், கட்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் புளியங்கொட்டை, பாசி மணி, பஞ்சு, பட்டன் பேட்டரி என்று தேட வேண்டும். பேட்டரியாக இருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அது உள்ளே அரித்து மூக்குத் தண்டில் ஓட்டை போட்டுவிடும்.

டாக்டர் உள்ளே என்ன பார்க்கிறார்

மரத்துப்போகும் மருந்தும் வீக்கத்தை வடியவைக்கும் மருந்தும் நனைத்த பஞ்சை மூக்கில் வைத்து, பத்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்வோம். அந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். மரத்துப்போன மூக்கில் எண்டோஸ்கோப் (உள்ளே பார்க்கும் கருவி) போனால் வலிக்காது, ஒரு அழுத்தம் மட்டும் தெரியும். 4 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாய்தான். முதல் தடவை மூக்கின் தரையோடு ஒட்டி நேராகப் பின்னால் போவோம். மூக்கும் தொண்டையும் சேரும் இடமும் காதுக்குப் போகும் குழாயின் வாயும் அங்கே தெரியும். இரண்டாவது தடவை கொஞ்சம் மேலே, மூக்குத் தண்டுக்கும் பக்கச்சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நடுச்சதைக்கும் நடுவே. மூன்றாவது தடவை நடுச்சதைக்கு அடியில் இருக்கும் சந்துக்குள். கன்னத்து சைனஸ், அதாவது கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை, திறக்கும் இடம் அதுதான். அதிகம் தொந்தரவு தரும் கட்டிகள் ஒளிந்திருக்கும் இடமும் அதுதான்.

கட்டியின் நிறமும் தோலும் நிறையச் சொல்லும். நாள்பட்ட அழற்சியால் வரும் பாலிப் என்ற சதை வளர்ச்சி உரித்த நுங்குச் சுளை மாதிரி வெளிறி, ஈரமாக, வெளிச்சம் ஊடுருவும்படி இருக்கும். தொட்டால் வலிக்காது, பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். இன்வெர்ட்டட் பாப்பிலோமா என்ற கட்டி அதைவிடச் சிவந்து, சொரசொரப்பாக, வெளிச்சம் புகாமல் இருக்கும். மூக்குத் தண்டின் முன்பகுதியில் மாதுளை முத்து நிறத்தில், லேசாகத் தொட்டாலே ரத்தம் வடியும் சின்ன உருண்டை இருந்தால் அது பெரும்பாலும் ரத்தக்குழாய்க் கட்டி. கர்ப்பிணிகளுக்கு இது வருவதுண்டு. ரத்தப்போக்கு கட்டுக்குள் இருந்தால் பிரசவம் வரை காத்திருக்கலாம், பிறகு தானே சுருங்குவதும் உண்டு.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் மறக்க முடியாது. சிவந்த சதை, அதன் மேல் ரவையைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். பார்த்ததுமே, "ஊருணியில குளிப்பீங்களா?" என்று கேட்டுவிடுவேன். ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற நோய் அது. கட்டி மாதிரி தெரிந்தாலும் கட்டி இல்லை, தேங்கிய தண்ணீரோடு தொடர்புள்ள ஒரு நுண்ணுயிரால் வருவது. இந்தியாவிலும் இலங்கையிலும்தான் அதிகம். இதையும் அடியோடு எடுத்து, ஒட்டியிருந்த இடத்தைச் சுட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப வரும்.

சரி, நிறத்தைப் பார்த்தே முடிவு சொல்லிவிடலாமா? கூடாது. பாலிப்பும் பாப்பிலோமாவும் ஒரே மூக்கில் ஒன்றின் பின்னால் ஒன்றாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்கேன் முதலில், சதை கிள்ளுவது பிறகு

இந்த வரிசையை மாற்றக் கூடாது என்று நான் ஏன் பிடிவாதமாக இருக்கிறேன் என்று சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையின் ஓ.பி.யில் பதினைந்து வயதுப் பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டிவந்தார். நாலு மாதத்தில் ஐந்து தடவை சில்லுமூக்கு உடைந்து ரத்தம் கொட்டியிருக்கிறது, வலது பக்கம் மூச்சு போகவில்லை. உள்ளே பின்பக்கமாக வழவழப்பான இளஞ்சிவப்புச் சதை தெரிந்தது. ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால் இன்றைக்கே வேலை முடிந்துவிடும் என்று நினைத்து, நாற்காலியில் உட்காரவைத்தபடியே இடுக்கியால் ஒரு கிள்ளு கிள்ளினேன். அடுத்த நொடி குழாயைத் திறந்துவிட்டது போல ரத்தம். பஞ்சுத் துணியை மூக்குக்குள் திணித்தும் நிற்கவில்லை. சிறுநீருக்குப் போடும் பலூன் குழாயை மூக்கு வழியாகத் தொண்டைக்கு அனுப்பி, பலூனை ஊதிப் பின்பக்கத்தை அடைத்து, முன்பக்கம் மறுபடி இறுக்கித் திணித்த பிறகுதான் நின்றது. அவன் அம்மாவின் முந்தானை முழுக்க ரத்தம். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினோம். பையன் பிழைத்தான். அன்று என் கைக்குள் வழிந்த அந்தச் சூடு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அது ஆஞ்சியோஃபைப்ரோமா. ஏறக்குறைய முழுக்க முழுக்க வளரும் வயதுப் பையன்களுக்கே வரும் கட்டி. மூக்கின் பின்கோடியில், ஒரு பெரிய ரத்தக்குழாய் மூக்குக்குள் நுழையும் ஓட்டைக்குப் பக்கத்தில் தொடங்கும். புற்று இல்லை, ஆனால் உள்ளே முழுக்க ரத்தக்குழாய். அந்தக் குழாய்களின் சுவரில் சுருங்கி இறுகத் தேவையான தசை சரியாக இருக்காது. அதனால்தான் வெட்டினால் ரத்தம் தானாக நிற்பதில்லை. விடலைப் பையன், ஒரு பக்க அடைப்பு, திரும்பத் திரும்ப ரத்தம், இந்த மூன்றும் சேர்ந்தால் சதையைத் தொடாமல் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். ஸ்கேனில் கன்னத்து சைனஸின் பின்சுவரைக் கட்டி முன்பக்கமாகத் தள்ளி வளைத்திருப்பது தெரியும். அது தெரிந்துவிட்டால் பெரும்பாலும் பயாப்சியே (சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது) தேவைப்படாது.

குழந்தைகளிடம் இன்னொரு ஆபத்து உண்டு. மூக்கின் கூரையில் இருக்கும் ஓட்டை வழியாக மூளையின் உறை, சில சமயம் மூளையே, மூக்குக்குள் இறங்கித் தொங்கும். பார்ப்பதற்குப் பாலிப் மாதிரியே இருக்கும். குழந்தை அழும்போது பெரிதானால் சந்தேகப்பட வேண்டும். பாலிப் என்று நினைத்து அதைக் கிள்ளினால் மூளைக்காய்ச்சல் வரை போகும்.

ஆகவே முதலில் சி.டி. ஸ்கேன். சைனஸ்களை 1 மில்லிமீட்டர் இடைவெளியில், மூன்று கோணத்திலும் எடுக்கச் சொல்வோம். எலும்பு எங்கே அரித்திருக்கிறது, எங்கே தடித்திருக்கிறது, கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள காகிதம் மாதிரியான எலும்புச் சுவர் முழுசாக இருக்கிறதா, மூக்கின் கூரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். ஆனால் சி.டி.யில் கட்டியும் அதன் பின்னால் தேங்கிய சளியும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். எம்.ஆர்.ஐ. அதைப் பிரித்துக் காட்டும். சளி வெள்ளையாக ஒளிரும், பாப்பிலோமா சாம்பல் நிறத்தில் மூளை மடிப்பு மாதிரி வரிவரியாகத் தெரியும். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. வேண்டியதில்லை. கட்டி கண்ணையோ மூளையையோ நெருங்கியிருந்தால், பாப்பிலோமா என்று சந்தேகம் இருந்தால், ஏற்கெனவே ஒருமுறை எடுத்துத் திரும்ப வந்திருந்தால் நான் கேட்பேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஸ்கேன் சென்டரில் ஃபிலிமோடு படங்கள் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமை செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அதை வைத்து அறுவை சிகிச்சையைத் திட்டமிட முடியாது. நான் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்க்க வேண்டும்.

ஸ்கேனில் ரத்தக்குழாய்க் கட்டியோ மூளை உறையோ இல்லை என்று உறுதியானதும் பயாப்சி. மேலாக ஒரு துணுக்கு போதாது. கட்டியின் வெவ்வேறு இடத்திலிருந்து எடுப்போம். ஏனென்றால் இன்வெர்ட்டட் பாப்பிலோமா இருப்பவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு அதற்குள்ளேயே ஒரு மூலையில் புற்று இருக்கலாம், அல்லது பின்னால் புற்றாக மாறலாம்.

எல்லாவற்றுக்கும் கத்தி வேண்டாம்

தலைவலிக்கு ஸ்கேன் எடுத்தபோது நெற்றி சைனஸில் ஒரு பட்டாணி அளவு எலும்புக் கட்டி தெரிந்தது என்று பயந்து வருபவர்கள் உண்டு. ஆஸ்டியோமா என்பது மெதுவாக வளரும் கெட்டி எலும்பு. சைனஸின் வழியை அடைக்கவில்லை, கண்ணைத் தள்ளவில்லை என்றால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். எலும்பின் இடத்தில் நார்த்திசு வளரும் ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவும் அப்படித்தான். ஸ்கேனில் எலும்பு தேய்த்த கண்ணாடி மாதிரி மங்கலாகத் தெரியும். பார்வை குறைகிறது, முகம் கோணுகிறது என்றால் மட்டுமே கை வைப்போம்.

சொட்டு மருந்து விட்டுச் சதையை உதிரவைக்கிறேன் என்று சொல்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். மூக்கின் உள்தோல் வெந்து, இரண்டு பக்கமும் ஒட்டிப்போய், தண்டில் ஓட்டையோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டி அப்படியே உள்ளே இருக்கும்.

வேரை எப்படி எடுக்கிறோம்

தேங்காய் மண்டியில் கணக்கு எழுதும் ஒருவர், 57 வயது. இடது பக்க அடைப்பு. அதற்கு முன் ஆறு வருடத்தில் இரண்டு தடவை வேறு இடத்தில் 'பாலிப்' என்று எடுத்திருக்கிறார்கள். இரண்டு தடவையும் ஒன்றரை, இரண்டு வருடத்தில் திரும்ப வந்திருக்கிறது. "எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினாங்களா?" என்று கேட்டேன். "ஒரு டப்பாவுல போட்டுக் காட்டினாங்க, அதுக்கப்புறம் தெரியலம்மா" என்றார். அனுப்பவில்லை. ஆறு வருடமாக அவருக்கு என்ன கட்டி என்று யாருக்குமே தெரியாது. எங்கள் பயாப்சியில் இன்வெர்ட்டட் பாப்பிலோமா என்று வந்தது, புற்று இல்லை.

வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இந்தக் கட்டியைச் சுலபமாகப் புரியவைத்துவிடலாம். மேலே புல்லை இழுத்தால் கையோடு வரும், கிழங்கு மண்ணுக்குள் இருக்கும், பத்து நாளில் திரும்ப முளைக்கும். இந்தப் பாப்பிலோமாவும் வெளிப்பக்கம் வளராமல் தோலுக்கு அடியில் உள்நோக்கி மடிந்து வளரும். மூக்கு நிறையத் தெரியும் சதை ஒரு சின்ன இடத்தில்தான் ஒட்டியிருக்கும். அந்த இடம்தான் வேர். இவருடைய சி.டி.யில் இடது கன்னத்து சைனஸின் பின்சுவரில் ஒரு துவரம்பருப்பு அளவுக்கு எலும்பு தடித்திருந்தது. வேர் பிடித்த இடத்தில் எலும்பு அப்படித் தடிக்கும். ஆகவே தியேட்டருக்குள் போகும் முன்பே எங்கே போய்ச் சேர வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

முழு மயக்கம்தான். தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, மயக்க மருந்து டாக்டர் ரத்த அழுத்தத்தை மிதமாக இறக்கி வைத்திருப்பார். எண்டோஸ்கோப் முனையில் ஒரு துளி ரத்தம் பட்டாலும் திரை முழுக்கச் சிவப்பாகிவிடும், அதனால் ரத்தம் கசியாத களம் எங்களுக்கு மிக முக்கியம். அட்ரினலின் நனைத்த பஞ்சுப் பட்டைகளை எண்ணி வைத்து, எண்ணி எடுப்போம். கண்கள் இரண்டையும் துணியால் மூட மாட்டோம். வேலை நடக்கும்போது உதவியாளர் அவ்வப்போது கண்ணை மெல்ல அழுத்துவார், நான் திரையில் உள்சுவரைப் பார்ப்பேன். அங்கே மஞ்சளாகக் கொழுப்பு அசைந்தால் கண்ணின் சுவரைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம், அங்கேயே நிறுத்த வேண்டும்.

முதலில் மூக்கை அடைத்துக்கொண்டிருக்கும் பெரும் சதையை மைக்ரோடிபிரைடரால் குறைத்துக்கொண்டே போனேன். உறிஞ்சிக்கொண்டே வெட்டும் கருவி அது. உறிஞ்சிய துணுக்குகளும் ஒரு வலைப்பையில் சேரும், அதையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கட்டி எங்கெல்லாம் வெறுமனே சாய்ந்து கிடக்கிறது, எங்கே நிஜமாகவே ஒட்டியிருக்கிறது என்பதை இந்தக் கட்டத்தில்தான் பிரித்து அறிய முடியும். ஒட்டாத இடத்தில் நல்ல தோலை உரிக்க வேண்டியதில்லை. சைனஸின் வாயை அகலமாகத் திறந்து, 70 டிகிரி பக்கவாட்டில் பார்க்கும் எண்டோஸ்கோப்பை உள்ளே விட்டதும், சி.டி.யில் பார்த்த அதே இடத்தில் வேர் தெரிந்தது. அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து வட்டமாகக் கீறி, எலும்போடு ஒட்டிய உறைக்கு அடியில் கரண்டியை விட்டு, ஒரே தாளாக உரித்து எடுத்தேன். எலும்பு வெறுமையாக, வெள்ளையாகத் தெரிந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் மூன்றாவது தடவையும் வந்திருக்கும். எலும்பின் சின்னப் பள்ளங்களுக்குள் கட்டியின் செல் ஒளிந்திருக்கும். வைரத்தூள் பதித்த குமிழ் முனையுள்ள டிரில்லால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தடித்த அந்த எலும்பை மேலாகத் தேய்த்து, கீழே வழவழப்பான ஆரோக்கியமான எலும்பு வரும்வரை இறங்கினேன். பிறகு சுற்றியிருந்த ஓரங்களிலிருந்து தனித்தனித் துணுக்கு எடுத்து, ஒவ்வொன்றையும் தனி பாட்டிலில் போட்டு, எந்த ஓரம் என்று எழுதி அனுப்பினோம்.

எல்லோருக்கும் இதே அளவு போதாது. வேர் சைனஸின் முன்சுவரிலோ அடித்தளத்திலோ இருந்தால் இந்த வாசல் வழியாகக் கருவி எட்டாது. கண்ணீர்க்குழாய்க்கு முன்பக்கமாக ஒரு வழி திறந்து போகலாம், அல்லது மூக்குக்கும் சைனஸுக்கும் நடுவிலுள்ள சுவரையே எடுக்க வேண்டும். கண்ணீர்க்குழாயை வெட்ட நேர்ந்தால், பிறகு கண் வடியாதபடி அதன் வாயை அகலமாக விட வேண்டும். நெற்றி சைனஸின் மேல்மூலைக்குள் போயிருந்தால் சில சமயம் வெளியிலிருந்தும் திறக்க நேரும். நான் படித்த காலத்தில் இந்தக் கட்டிக்கு மூக்கின் ஓரமாக முகத்தைக் கீறித்தான் எடுப்போம். அந்தத் தழும்போடு வந்த ஒரு பெண் எப்போதும் முகத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டே பேசுவார். இப்போது பெரும்பாலோருக்கு முகத்தில் கத்தி படுவதே இல்லை என்பதில் எனக்கு மிகுந்த நிம்மதி.

ஆஞ்சியோஃபைப்ரோமாவுக்கு அறுவைக்கு 24 முதல் 72 மணி நேரத்துக்கு முன்னால் இன்னொரு வேலையும் உண்டு. தொடையிடுக்கில் ஊசி குத்தி, மெல்லிய குழாயைக் கழுத்து வழியாகக் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய் வரை அனுப்பி, நுண்துகள்களால் அடைப்பார்கள். ரொம்ப நாள் விட்டால் பக்கத்து ரத்தக்குழாய்கள் வழியாகக் கட்டி மறுபடி ரத்தம் வாங்கிக்கொள்ளும், அதனால்தான் உடனே அறுவை. இந்த வசதியும் ரத்த வங்கியும் இருக்கும் பெரிய மருத்துவமனையில் மட்டுமே செய்துகொள்ளுங்கள். அந்தப் பையனுக்கும் பிறகு வேறு ஊரில் அப்படித்தான் எடுத்தார்கள்.

போகும் முன் கேட்க வேண்டியவை

எங்கே வேர் இருக்கிறது என்று ஸ்கேனில் காட்டச் சொல்லுங்கள். எண்டோஸ்கோப் எட்டாவிட்டால் மாற்று வழி என்ன என்று கேளுங்கள். எடுத்த சதை அத்தனையும் பரிசோதனைக்குப் போகுமா என்று கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், எந்த நல்ல டாக்டரும் கோபப்பட மாட்டார். அபாயங்களையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: ரத்தப்போக்கு, கண்ணில் காயம், மூளைநீர் கசிவு, கன்னம் மரத்துப்போவது, கண் வடிவது. அரிதாக நடப்பவை என்றாலும் சொல்லாமல் கையெழுத்து வாங்கக் கூடாது.

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போல ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிட்டால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். பீடி, சிகரெட்டை அன்றோடு விட வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று அட்மிட் ஆவதற்கு முன்பே குடும்ப அட்டை, ஆதாரோடு போய்க் காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுங்கள். அட்மிட் ஆன பிறகு அலைவது வீட்டாருக்குப் பெரிய சிரமம்.

வீட்டுக்கு வந்த பிறகு

மூக்கில் வைத்த பஞ்சை ஒன்றிரண்டு நாளில் எடுப்போம். அதுவரை வாயால்தான் மூச்சு, தொண்டை காயும், அடிக்கடி ஒரு மடக்கு தண்ணீர் குடியுங்கள். இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். ஆவி பிடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முதல் சில வாரம் வேண்டாம், சூட்டில் ரத்தக்குழாய் விரிந்து கசியும்.

உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவதுதான் பாதி வைத்தியம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, ஒன்றரை டீஸ்பூன் உப்பும் அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் போட்டுக் கலக்குங்கள். தலையைத் தொட்டிப்பக்கம் குனிந்து, வாயைத் திறந்துகொண்டு, கழுவும் பாட்டிலை மெதுவாக அழுத்துங்கள். ஒரு நாளைக்கு மூன்று தடவை. மீதியை மறுநாளுக்கு வைக்காதீர்கள். கொதிக்கவைக்காத குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ மூக்குக்குள் விடவே கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா ஒன்று உண்டு, தொற்று அரிதுதான், ஆனால் வந்தால் பிழைப்பது கடினம்.

ஏழு முதல் பத்து நாளுக்குள் பொருக்கு உதிரும்போது கொஞ்சம் ரத்தம் வரலாம். உட்கார்ந்து முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள். அதற்கும் நிற்காவிட்டால், கண் வீங்கினால், பார்வை மங்கினால், குனியும்போது ஒரு மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், காலை வரை காத்திருக்காமல் ராத்திரியே கிளம்புங்கள்.

பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கி ஃபைலில் வையுங்கள். பாப்பிலோமா என்றால் முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி. ஐந்து வருடம் கழித்தும் வருடம் ஒருமுறை வரச் சொல்வேன், ஏனென்றால் இது பல வருடம் கழித்தும் தலை தூக்கும். ஆஞ்சியோஃபைப்ரோமாவுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன்.

தேங்காய் மண்டிக்காரர் முதல் மூன்று வருடம் தவறாமல் வந்தார். நாலாவது வருடம், "மூச்சு நல்லாத்தானம்மா போகுது, சரக்கு வர்ற நேரம், அடுத்த மாசம் பாக்கலாமா?" என்று போனில் கேட்டார். வரச் சொன்னேன். சைனஸின் பின்சுவரில், பழைய இடத்தின் ஓரத்தில், கடுகு அளவுக்கு இரண்டு சொரசொரப்பான புள்ளிகள். அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. இடத்தை மரத்துப்போகச் செய்து, சுற்றித் தோலோடு எடுத்து, அடியைத் தேய்த்து, இருபது நிமிடத்தில் அனுப்பிவைத்தேன். அறிக்கையில் அதே பாப்பிலோமா, புற்றுக்கான மாற்றம் எதுவும் இல்லை. அவருக்கான அடுத்த தேதியை மூன்று மாதத்திலிருந்து மறுபடி தொடங்கி எழுதிக் கொடுத்தேன். மண்டியில் தொங்கும் நாள்காட்டியிலும் அதைக் குறித்துவைக்கச் சொன்னேன்.